ஆங்கிலேயர் காலத் தேவாலய ஆர்கன்களின் பிற்கால நிலை: சேர்வராயன் மலையை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

வழிபடுவோர் எண்ணிக்கை குறைந்து தேவாலயங்கள் மூடப்படும்போது அவற்றிலுள்ள பைப் ஆர்கன்கள் என்னவாகின்றன என்னும் வினா மேலைநாடுகளில் அரை நூற்றாண்டாக எழுப்பப்பட்டுவருகிறது. தமிழகத்திற்கு இவ்வினா அப்படியே பொருந்துவதில்லை. இங்கு ஆங்கிலேயர் கட்டிய ஆலயங்களிற் பெரும்பாலானவை மூடப்படவில்லை, சபைதான் மாறியது. சபை மாறியபோது கருவி பேச்சிழந்தது. ஏற்காடு உள்ளிட்ட சேர்வராயன் மலைப்பகுதியைத் தொடக்கமாகக் கொண்டு, சென்னை எழும்பூர் புனித அந்திரேயா ஆலயத்து ஆர்கனையும் பிறநாட்டு நடைமுறைகளையும் ஒப்புநோக்கி, இம்மாற்றத்தின் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பைப் ஆர்கன், ஆர்மோனியம், ஏற்காடு, தென்னிந்தியத் திருச்சபை, பாமாலை, கீர்த்தனை, இசைக்கருவி மரபு.

முன்னுரை

சேர்வராயன் மலைக்கு இருவகை வழிபாட்டு வரலாறு உண்டு. மலையுச்சியை ஒட்டிய குகைக்கோயிலில் சேர்வராயனும் காவேரியம்மனும் குடிகொண்டுள்ளனர். மலையாளிப் பழங்குடியினர் ஆண்டுதோறும் மே மாதத்தில் அங்கு விழா எடுக்கின்றனர். விழாவுக்குரிய கருவிகள் தோளில் சுமந்து கொண்டுவரப்படுவன. விழா முடிந்ததும் ஊருக்குத் திரும்பிவிடுவன. கீழே ஏற்காட்டு ஊருக்குள் தூய திரித்துவ ஆலயம் இருக்கிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிப் பயிரை இம்மலைக்குக் கொண்டுவந்ததைத் தொடர்ந்து குடியேறிய தோட்டக்காரர்களும், கோடையைக் கழிக்க வந்த அலுவலர்களும், ஓய்வுபெற்றுத் தங்கியவர்களும் உருவாக்கிய ஆங்கிலிக்கச் சபையின் ஆலயம் அது. இத்தகைய ஆலயங்களில் இசைக்கருவி கட்டடத்தோடு சேர்ந்த ஒன்றாக இருந்தது. வந்துபோகும் கருவிக்கும் நிலைத்து நிற்கும் கருவிக்கும் உள்ள இவ்வேறுபாடே இக்கட்டுரையின் அடிப்படை.

தமிழாய்வாளருக்கு ஏற்காடு அயலிடமன்று. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவரும், பின்னர்ச் சென்னையில் 'தினவர்த்தமானி' இதழை நடத்தியவரும், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்தவருமான பீட்டர் பெர்சிவல் 1882இல் காலமானது இங்கேதான். அவருடைய மருமகனும் 1863இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவருமாகிய இராபர்ட் புரூஸ் ஃபூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி தூய திரித்துவ ஆலயத்தில் வைக்கப்பட்டது. கல்லறைகளையும் நினைவுக்கற்களையும் நாம் தேடிச்சென்று படிக்கிறோம். அதே ஆலயங்களின் மூலையில் நிற்கும் மரப்பேழையைத் திறந்து பார்ப்பவர் அரியர்.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவர் வழக்கில் 'ஆர்கன்' என்னும் சொல் நிலையான பொருளுடையதன்று. காலால் மிதித்து வாசிக்கும் நாக்குக்கருவியும் ஆர்கன். மின்விசைக் கீபோர்டும் சில சபைகளில் ஆர்கன். இக்கட்டுரையில் அச்சொல், துருத்தியிலிருந்து வரும் காற்று பலநூறு குழல்களுள் புகுந்து ஒலியெழுப்பும் பெருங்கருவியையே குறிக்கும். நாக்குக்கருவியை வழக்கிலுள்ளபடி 'பெடல் ஆர்கன்' என்றே சுட்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களும் இச்சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கின்றனர். பழைய ஆங்கில விவிலியத்தில் ஆர்கன் என்று வரும் இடங்களுள் ஒன்று ஆதியாகமத்தின் நான்காம் அதிகாரம். யூபால் என்பவன் இசைக்கலைஞர்களின் தந்தையாகச் சொல்லப்படும் இடம் அது. இன்று புழக்கத்திலுள்ள பழைய தமிழ்த் திருப்புதலில் அவன் நாகசுரக்காரர்களின் தகப்பன். 150ஆம் சங்கீதத்தில் அதே கருவி 'தீங்குழல்' ஆகிறது. மூல எபிரேயச் சொல் சுட்டுவது எளிய ஊதுகருவியாகவே இருத்தல் வேண்டும் என்பதால் மொழிபெயர்ப்பில் பிழை காண இயலாது. ஆயினும் ஒன்று விளங்குகிறது: ஆங்கிலேயர் காதில் ஆலயமாடத்துப் பெருங்கருவியாக ஒலித்த சொல், தமிழர் காதில் கோயில் வாசலில் ஊதும் கருவியாக ஒலித்தது. பெயரளவிலும் ஆர்கன் இங்கு வேரூன்றவில்லை.

மலைநகரத்துச் சபையும் அதன் கருவியும்

மலைநகரத்துச் சபை பருவகாலச் சபை. கோடையில் இருக்கை போதாது. மழைக்காலத்தில் தோட்டக்காரர் சிலரே மிஞ்சுவர். குழலார்கன் விலைமிக்கது, உயரமான மாடமும் வலுவான தளமும் வேண்டும். ஆகவே சிறிய மலைச்சபைகள் பெரும்பாலும் பெடல் ஆர்கனோடு நிறைவடைந்தன. பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் 1842இல் காப்புரிமை பெற்ற ஆர்மோனியமும் அதன் இனக்கருவிகளும் குடியேற்ற நாடுகளின் ஆலயங்களுக்கென்றே படைக்கப்பட்டனவோ என்று எண்ணுமளவுக்கு அங்கெல்லாம் பரவின. அதே 1842இல் சென்னையில் மிஸ்குவித் நிறுவனம் தொடங்கப்பெற்றது. இன்று மியூசி மியூசிக்கல் என்னும் பெயரில் நிலைத்திருக்கும் அந்நிறுவனம் மேலையிசைக் கருவிகளின் வணிகத்திற்கு இங்கு நீண்ட காலம் மையமாக விளங்கியது.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கிவைக்கப்பட்டது. ஆங்கிலிக்கரும் மெதடிஸ்தரும், பிரெஸ்பிட்டேரிய, காங்கிரிகேஷனல் மரபினரை உள்ளடக்கிய தென்னிந்திய ஐக்கிய சபையும் ஒன்றாயினர். அதே ஆண்டில் ஆட்சியும் மாறியது. ஆங்கிலேயர் கப்பலேறினர், ஆங்கிலோ இந்தியருள் பலர் அடுத்த இருபது ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் சென்றனர். ஐரோப்பியக் கணக்கின்படி பார்த்தால் மலைநகர ஆலயங்கள் அப்போதே மூடப்பட்டிருக்க வேண்டும். மூடப்படவில்லை. தமிழ்ச்சபையினர் உள்ளே வந்தனர். பல இடங்களில் முன்பைவிடக் கூட்டம் பெருகியது. ஆகவே 'நலிந்த சபை' என்னும் தொடரை இங்குக் கவனத்துடன் கையாளவேண்டும். நலிந்தது ஒரு சபை. அதே கூரையின்கீழ் வளர்ந்தது மற்றொன்று. கட்டடம் கைமாறியபோது கல்லும் மணியும் கண்ணாடி ஓவியமும் பயன்மாறாமல் வந்தன. ஆர்கன் மட்டும் வாசிப்பவரையும், சுருதி சேர்ப்பவரையும், அதற்கென எழுதப்பட்ட பாடல்களையும் உடன்கேட்டது.

களப்பணியின்போது மலைச்சபை ஒன்றில் கண்ட காட்சியை இங்குக் குறிப்பிடலாம். பெடல் ஆர்கனின் துருத்தித் தோலை எலி தின்றிருந்தது. மூடிய பேழைமேல் விரிப்பிட்டு அதன்மீது கீபோர்டு வைக்கப்பட்டிருந்தது. எப்போது நின்றது என்று கேட்டேன். ஒருவருக்கும் ஆண்டு நினைவில்லை. வாசித்த அம்மையார் ஊரைவிட்டுச் சென்ற பிறகு என்றார்கள். பின்னர் நான் பார்த்த எல்லா இடங்களிலும் ஏறத்தாழ இதே விடைதான் கிடைத்தது. கருவி பழுதானதால் வாசிப்பு நிற்கவில்லை. வாசிப்பு நின்றதால் கருவி பழுதானது.

கருவியின் அமைப்பும் அழிவும்

குழலார்கனின் ஒவ்வொரு குழலும் ஒரே ஒரு சுரத்தை மட்டும் எழுப்பும். 56 விசைகளும் பத்துக் குழல்வரிசைகளும் உடைய நடுத்தரக் கருவியில் 560 குழல்கள் இருக்கும். எட்டடி வரிசையின் மிகத் தாழ்ந்த குழல் ஏறத்தாழ 2.4 மீட்டர் நீளம். பதினாறடி வரிசையாயின் அதன் இருமடங்கு. மிகச் சிறிய குழல் விரலளவினது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த தகட்டால் ஆனவை சில, மரத்தாலானவை சில. துருத்தியிலிருந்து காற்று ஒரு பெட்டியை அடைந்து காத்திருக்கும். விசையை அழுத்தினால் மரக்குச்சிகளும் நெம்புகோல்களும் அசைந்து, தோல் ஒட்டிய சிறு கதவு திறந்து, காற்று குழலுக்குள் ஏறும். மரம், தோல், பசை, ஈயக்கலவை ஆகிய நான்கும் நம் தட்பவெப்பத்திற்கு எளிதில் இரையாவன. கறையான் மரத்தைத் தின்கிறது. ஈரத்தில் பசை விடுகிறது. கோடையில் தோல் வெடிக்கிறது. காற்றுப்பெட்டியில் விரிசல் விழுந்தால் அழுத்தாத சுரங்கள் தாமாகவே முனகத் தொடங்குகின்றன.

சுருதிச் சிக்கல் இதனினும் நுட்பமானது. காற்றின் வெப்பம் ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் ஊதுவாய்க் குழலின் சுருதி அரைச்சுரத்தின் நூற்றில் மூன்று பங்களவு ஏறுகிறது. 25 பாகையில் சேர்த்த கருவி 37 பாகையில் அரைச்சுரத்தின் மூன்றிலொரு பங்கிற்கும் மேலாக ஏறி நிற்கும். எல்லாக் குழல்களும் ஒருசேர ஏறினால் குறையொன்றுமில்லை. பித்தளை நாக்குடைய குழல்கள் அவ்வாறு ஏறுவதில்லை. இருவகைக் குழல்களையும் சேர்த்து வாசிக்கும்போது கருவி தனக்குள்ளேயே பிணங்குகிறது. ஆகவே பருவந்தோறும் சுருதி சேர்ப்பவர் வந்தாக வேண்டும். சேர்வராயன் மலையில் வெப்பம் 30 பாகையைத் தாண்டுவது அரிதாகையால் சுருதியளவில் மலை நல்ல இடமே. அங்குப் பகை மூடுபனியின் ஈரம்.

இன்னொன்றையும் கருதவேண்டும். ஒவ்வொரு குழலின் வாயும் அந்தந்த ஆலயத்தின் எதிரொலிக்கேற்பச் செதுக்கித் திருத்தப்படுகிறது. வேறிடத்துக்குப் பெயர்த்தால் மறுபடியும் திருத்தவேண்டும். பெயர்த்து நடுவதற்கு ஆகும் செலவு பழங்கருவியின் விலையைவிடப் பன்மடங்காகலாம். அந்நிலையில் ஈயக்கலவையின் எடைமதிப்பே எஞ்சிய மதிப்பாகிவிடுகிறது. உலகெங்கும் ஆர்கன்கள் பழைய உலோகக் கடைக்குப் போவதன் காரணம் இதுவே.

எழும்பூர் புனித அந்திரேயா ஆலயம்

தமிழகத்தில் ஒரு குழலார்கன் நிலைத்திருப்பதற்கு எவையெவை வேண்டும் என்பதை எழும்பூரில் காணலாம். தாமஸ் டி ஹாவிலண்ட் கட்டிய இவ்வாலயம் 1821இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. பதினாறு தூண்கள் தாங்கும் குவிமாடமும் வட்டமான நடுக்கூடமும் கொண்டது. பசும்நிறமும் பொன்னிறமும் தீட்டிய குழல்களோடு முகப்பில் நிற்கும் ஆர்கன் யார்க்‌ஷயரில் செய்யப்பட்டு 1883இல் அமைக்கப்பட்டது; ஆலயத்தைவிட 62 ஆண்டு இளையது.

இத்தாமதத்திற்கு ஸ்காட்லாந்துத் திருச்சபையின் கொள்கையோடு தொடர்பு இருந்ததெனக் கருத இடமுண்டு. வழிபாட்டில் மனிதக்குரல் மட்டுமே ஒலிக்கவேண்டும் என்பது அச்சபையின் நெடுநாள் நிலைப்பாடு. எடின்பரோவின் கிரேஃபிரையர்ஸ் ஆலயத்தில் இராபர்ட் லீ 1863இல் ஆர்மோனியத்தையும் 1865இல் ஆர்கனையும் நுழைத்தபோது அது பெரும் பூசலாயிற்று. ஆக, சென்னையில் இன்று பழமையின் சின்னமாகப் போற்றப்படும் இக்கருவி அக்காலத்தில் புதுமையின் சின்னம். மரபு என்று நாம் காப்பவற்றுள் பல ஒரு காலத்தில் எதிர்ப்புக்கிடையே புகுந்தவை என்பது இலக்கிய ஆய்வாளருக்குப் புதிய செய்தியன்று.

எழும்பூர்க் கருவிக்கு வாய்த்தவை மாநகரச் சபையின் பொருள்வளமும், ஆங்கில வழிபாட்டின் தொடர்ச்சியும், மேலையிசை பயின்றோர் அருகில் இருப்பதும் ஆகும். இம்மூன்றில் ஒன்றும் மலைநகரங்களுக்கு உறுதியாக வாய்க்கவில்லை. ஒற்றைக் கருவியின் உயிர் ஊரின் அளவைச் சார்ந்தது என்பது கசப்பான முடிவாயினும் தவிர்க்க இயலாதது.

பாமாலையும் கீர்த்தனையும்

தமிழ்ச் சீர்திருத்தச் சபையினர் கையில் இரு பாடல்மரபுகள் உள்ளன. ஒன்று பாமாலை; ஜெர்மானிய, ஆங்கிலப் பாடல்களின் மெட்டுக்கேற்ற மொழிபெயர்ப்புகள். மற்றொன்று கீர்த்தனை, தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோர் இராக தாளத்தோடு இயற்றியவை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின் அவை சபை வழிபாட்டில் உறுதியான இடம் பெற்றன. ஈரோட்டில் லண்டன் மிஷனில் பணியாற்றிய எச்.ஏ. பாப்லி தமிழிசை கற்று அதனை வழிபாட்டுக்குக் கொண்டுவந்ததோடு 1921இல் இந்திய இசை குறித்து நூலும் எழுதினார். பாமாலைக்கு ஆர்கன் பொருந்தும். நான்கு குரலும் ஒருங்கே ஒலிக்கும். கீர்த்தனைக்கு அது பொருந்தாது. குழல் அசையாச் சுரத்தையே தரும், கமகத்துக்கு இடமில்லை.

தமிழ்ப்பாடல் பெருகியதால் ஆர்கன் ஒழிந்தது என்று இதைக்கொண்டு முடிவுகட்டுவோர் உளர். இம்முடிவு எனக்கு உடன்பாடன்று. ஆர்மோனியமும் அசையாச் சுரக்கருவியே. அக்குறை காட்டியே அனைத்திந்திய வானொலி 1940இல் அதனை விலக்கியது. தடை தளர 1971 ஆயிற்று. அப்படியிருந்தும் கீர்த்தனை பாடும் சபைகளும், பஜனை மடங்களும், நாடகக் கொட்டகைகளும் ஆர்மோனியத்தைக் கைவிடவில்லை. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் 1875இல் அதனைத் தரையில் அமர்ந்து ஒருகையால் துருத்தியிழுத்து வாசிக்கும் வடிவுக்கு மாற்றினார். அதன்பின் அது எடுத்துச்செல்லக்கூடியதாயிற்று; பழுதானால் ஊர்த்தச்சரும் ஆர்மோனியக் கடைக்காரரும் சரிசெய்யக்கூடியதாயிற்று. ஆர்கனுக்கு இது நேரவில்லை. அதை வீழ்த்தியது இராகமன்று. பழுதுபார்க்கும் கை இல்லாமையே.

பிலிப்பைன்சு நாட்டு லாஸ் பின்யாஸ் ஆலயம் இதற்கு மறுதலைச் சான்று. தியேகோ செரா என்னும் பாதிரியார் 1824இல் அங்கு முடித்த ஆர்கனின் 1,031 குழல்களுள் 902 மூங்கிலாலானவை. நாட்டுப்பொருளால் செய்யப்பட்டிருந்தும் 1973இல் அதனைச் செப்பனிட ஜெர்மனியின் பான் நகரிலுள்ள கிளைஸ் பட்டறைக்கே அனுப்பவேண்டியிருந்தது. 1975இல் ஊர் திரும்பியது. பொருள் உள்ளூரது என்பது மட்டும் போதாது. கைத்திறனும் உள்ளூரில் வேண்டும்.

நம் கோயில் மரபிலும் இதற்கு ஒப்புமை உண்டு. திருவாரூர்த் தியாகராசர் கோயிலின் பஞ்சமுக வாத்தியம் தோளில் தூக்கிச் செல்லத்தக்கதன்று, வண்டியின்மேல் நிறுத்தப்படுவது. அதனை வாசிக்கும் உரிமை பாரசைவர் மரபினருடையது. கட்டடத்தோடும் ஒரு குடியோடும் பிணைந்த கருவி என்ற அளவில் அது ஆர்கனுக்கு நெருங்கிய உறவு. வேறுபாடு யாதெனின், பாரசைவர் ஊரைவிட்டுக் கப்பலேறவில்லை.

மூடப்பட்ட ஆலயங்களின் கருவிகள்

மேலைநாடுகளில் ஆலயம் மூடப்படும்போது ஆர்கனுக்கு நேர்வன நான்கு. கட்டடத்துடனேயே விற்கப்படும், வேறொரு சபைக்குப் பெயரும், உதிரியாகப் பிரிக்கப்படும், அல்லது இடித்தெறியப்படும். பெயர்ந்து உயிர்பிழைத்தவற்றுள் அமெரிக்காவின் வோபர்ன் நகர யூனிடேரியன் ஆலயத்துக் கருவி குறிப்பிடத்தக்கது. ஹுக் சகோதரர்கள் 1870இல் செய்தது அது. சபை கலைந்தபின் 2001இல் பெர்லினின் திருச்சிலுவை ஆலயத்தை அடைந்தது. ஆம்ஸ்டர்டாமில் பார்க்கெர்க் என்னும் ஆலயம் 2007இல் ஆர்கெல்பார்க் என்னும் ஆர்கன் இசையரங்கானது. அங்கே கருவிக்காகவே கட்டடம் காக்கப்பட்டது. ஜெர்மனியின் ஆர்கன் கட்டுமானக் கலையும் இசையும் 2017இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. இவற்றின் பின்னே கருவிகளின் பதிவேடுகள் உள்ளன. பிரித்தானியாவில் ஆர்கன்களுக்கென்றே தேசியப் பதிவேடு நடத்தப்படுகிறது.

புலம்பெயர் தமிழரும் இவ்வரலாற்றுக்குள் வருகின்றனர். லண்டன் மேற்கு ஈலிங்கிலுள்ள கனகதுர்க்கை அம்மன் கோயில் முன்னர்க் கிறித்தவச் சிற்றாலயமாக இருந்த கட்டடம். யூபாலின் கருவிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இட்ட பெயரை நினைத்துக்கொண்டால், அத்தகைய கட்டடத்தில் நாகசுரம் ஒலிப்பதை இடப்பெயர்ச்சி என்பதா மொழிபெயர்ப்பு என்பதா என்று ஐயுறத் தோன்றுகிறது.

சட்டமும் ஆவணமும்

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் நூறாண்டு கடந்த, வரலாற்றுச் சிறப்புடைய பொருள்களைத் தொல்பொருளாகக் கொள்கிறது. தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவதைத் தடுக்கிறது. 1883இன் ஆர்கன் போன்றவை இவ்வரையறைக்குள் வரக்கூடும். விளைவு விந்தையானது. பெயர்த்து வாழவைக்க விரும்பும் வெளிநாட்டுச் சபைக்குக் கொடுப்பதில் சட்டச்சிக்கல் எழலாம். உள்ளூரில் பழைய உலோகத்துக்குப் போடுவதை அச்சட்டத்தின் ஏற்றுமதித் தடை தொடுவதில்லை. தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயச் சொத்துகள் சி.எஸ்.ஐ. டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் உள்ளன. நிலமும் கட்டடமும் ஆவணத்தில் தெளிவாக இருக்கும். கருவியோ அசையும் பொருளுமன்று, அசையாப் பொருளுமன்று என்ற நிலையில் சரக்குப் பட்டியலின் ஒற்றை வரியாக எஞ்சிவிடும்.

அவ்வொற்றை வரியிலிருந்தே நாம் தொடங்கவேண்டும். தமிழகத்து ஆர்கன்களுக்கும் பெடல் ஆர்கன்களுக்கும் ஒரு பட்டியல் உருவாக்குவது பல்கலைக்கழகத் துறையொன்றால் இயலாததன்று. செய்தவர் பெயர் விசைப்பலகைக்கு மேலுள்ள தகட்டில் இருக்கும். வாங்கிய ஆண்டைச் சபைக் குழுவின் கூட்டக் குறிப்புகளில் தேடலாம். மலைச்சபைகளில் இக்குறிப்பேடுகள் கருவியைவிட விரைவாக அழிந்துவருவதால் முதலில் படியெடுக்க வேண்டியவை அவையே.

சம்பளக் கணக்குகளைத் தனியே பார்க்கவேண்டும். மின்விசிறி வருவதற்குமுன் ஆர்கனின் துருத்தியை ஒருவர் பின்னால் நின்று இயக்கவேண்டியிருந்தது. வாசித்தவர்கள் புகைப்படங்களில் இருக்கிறார்கள், காற்றடித்தவர்கள் இல்லை. இங்கிலாந்தில் காற்றடித்த சிறுவர்களும் சுருதி சேர்க்க வந்தவர்களும் பேழையின் உட்பலகையில் தம் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிவைப்பது வழக்கம். இங்குள்ள பேழைகளின் பின்பலகைகளைக் கழற்றிப் படமெடுத்தால் அங்குத் தமிழெழுத்து கிடைக்குமா என்பதை அடுத்த களப்பணியில் பார்க்கவிருக்கிறேன்.